முப்பத்தெட்டு மிளகுக் கொடிகளும் ஏழாவது ஷரத்தும்

போர்ட் பிளேரை அடுத்த சிப்பிகாட்டில் குழந்தைவேலு வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "இது யாரு தோட்டம்?" என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் அரை நாள் போய்விடும். அவருடைய முப்பாட்டனார் எந்த வருஷம் கப்பலில் வந்து இறங்கினார், எந்தக் காட்டை வெட்டினார், ஜப்பான்காரன் வந்தபோது தாத்தா எந்தப் பள்ளத்தில் ஒளிந்திருந்தார் என்றெல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் பேச்சு தோட்டத்துக்கு வரும். "நாங்க ப்ரீ-ஃபார்ட்டி டூ" என்பார். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே தீவில் குடியிருந்த குடும்பம் என்று அர்த்தம். பாக்கு மரம் பரம்பரை, கிணறு பரம்பரை, தகரக் கூரை வீடு பரம்பரை. வயிற்றைக் கொஞ்சம் குறைக்கச் சொன்ன டாக்டரிடம் அதுவும் பரம்பரை என்று சொல்லிவிட்டு வந்தவர்.

இப்படிப்பட்ட மனிதரோடு இருபத்து நாலு வருஷம் குடித்தனம் நடத்தியவள் நீலாவதி. கதை அவளுடையதுதான். ஆனால் அவரைத் தாண்டித்தான் அவளிடம் போக வேண்டியிருக்கிறது. அவளைப் பார்க்க வந்த எல்லோருக்கும் அதே கதிதான்.

நீலாவதிக்குப் பரம்பரை என்று சொல்லிக்கொள்ள ஒரு செங்கல் கிடையாது. கச்சால் தீவில், ரப்பர் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவள். அவள் அப்பா ஜம்புலிங்கம், இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மூட்டை முடிச்சோடு அனுப்பப்பட்டு, ரப்பர் பால் வெட்டக் கச்சாலுக்கு வந்து சேர்ந்தவர். இருந்த வீடு சர்க்காருடையது, வெட்டிய மரம் சர்க்காருடையது, நின்ற மண் யார் பேருக்கும் எழுத முடியாதது. லைனுக்குப் பின்னால் கையகல இடத்தில் அவர் வளர்த்த மிளகு மட்டும் அவருடையது.

கல்யாணத்துக்கு அவர் கொண்டுவந்த சீர் அதுதான். முப்பத்தெட்டு மிளகுக் கொடிகளை வேரோடு பாலிதீன் பைகளில் வைத்து, சாக்கில் சுற்றி, கப்பல் டெக்கில் வெயில் படாமல் தன் வேட்டியைப் போர்த்தி, தான் துண்டோடு உட்கார்ந்து வந்தார். ஹேடோ துறையில் இறங்கியபோது மாப்பிள்ளை வீட்டார் பீரோவைத் தேடினார்கள். சாக்கு மூட்டைகள் இறங்கின. "அரே, சம்பந்தி காய்கறி மார்க்கெட்டுக்கு வந்தாரா, கல்யாணத்துக்கு வந்தாரா?" என்று யாரோ சிரித்தார்கள். ஜம்புலிங்கம் கோபப்படவில்லை.

"மாப்பிள்ள, எழுதி வைக்க எங்கிட்ட மண்ணு இல்ல. இது எம் பொண்ணுக்கு. நல்லா பாத்துக்கிட்டா அவ காலத்துக்கும் காய்க்கும்" என்றார்.

நீலாவதி அந்த முப்பத்தெட்டையும் பாக்கு மரங்களின் அடியில் ஒவ்வொன்றாக நட்டாள். மரம் அவருடையது, அதில் ஏறும் கொடி தன்னுடையது என்று அப்போது அவள் பிரித்துப் பார்க்கவில்லை. புதுப் பெண்டாட்டி யார்தான் பார்ப்பாள்? ஓரிரு மழைக்காலம் போனதும் கொடி காய்த்தது. நீலாவதி அதிலிருந்தே கிள்ளிக் கிள்ளி அடுத்த மரத்துக்கும் அதற்கடுத்த மரத்துக்கும் ஏற்றிவிட்டாள். ஜம்புலிங்கம் கச்சாலிலேயே காய்ச்சலில் போனார். பிறகு சுனாமி வந்து லைன் வீடுகளையும் அந்தக் கையகலத் தோட்டத்தையும் கொண்டுபோயிற்று. அப்பாவுடையதென்று இந்தப் பூமியில் மிஞ்சியது குழந்தைவேலுவின் பாக்கு மரங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. அதை நினைத்தால் நீலாவதிக்குச் சில நாள் அழுகை வரும், சில நாள் எரிச்சல் வரும்.

மிளகு பறிப்பது தனி ஆள் வேலையல்ல. ஒற்றை மூங்கில் ஏணியை மரத்தில் சாய்த்து ஒருவர் ஏற, இன்னொருவர் கீழே நின்று பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் ஏணி உருளும், ஏறியவர் வேறு திசையில் உருளுவார். குழந்தைவேலுவோ ஹேடோ துறையில் கிரேன் ஓட்டுகிறவர்.

"பத்து டன் கன்டெய்னரத் தூக்கி வைக்கிறவன் நானு. என்னப் போயி ஏணி புடிக்கச் சொல்றியே, நீலா? பாக்கறவன் என்ன சொல்வான்?"

ஆகவே நீலாவதி பழைய கப்பல் கயிற்றால் ஏணியை மரத்தோடு கட்டி, ஏறி, பறித்து, இறங்கி, அவிழ்த்து, அடுத்த மரத்தில் கட்டி, மறுபடி ஏறினாள். இருபது வருஷத்துக்கு மேல் இப்படித்தான். ஒரு தடவை விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டோடு வந்தவளிடம் குழந்தைவேலு, "பாத்து ஏறக் கூடாதா?" என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

இத்தனையும் பொறுத்தவள் ஒரு காகிதத்துக்காகத்தான் வீட்டைவிட்டுக் கிளம்பினாள்.

கல்யாணமாகி இருபத்து நாலாவது வருஷம் பக்கத்தில் ஒரு விவசாயக் கண்காட்சி நடந்தது. நீலாவதியின் மிளகைப் பார்த்துவிட்டு முதல் பரிசு என்றார்கள். விவசாயி பெயர் என்ன என்று கேட்டபோது முன்னால் நின்றவர் குழந்தைவேலு. மேடையில் சால்வை போட்டு, சர்டிபிகேட்டும் மருந்தடிக்கும் ஸ்பிரேயரும் கொடுத்தார்கள். அவர் மைக்கை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "எங்க தாத்தா காலத்துலேர்ந்து மிளகு எங்க ரத்தத்துல ஓடுது" என்றார். மிளகு ரத்தத்தில் ஓடினால் மனிதன் தும்மியே செத்திருப்பான். ஆனால் கூட்டம் கை தட்டியது. மூன்றாவது வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில், மிளகுக் கறை போகாத விரல்களோடு நீலாவதி உட்கார்ந்திருந்தாள். அவளும் இரண்டு தட்டுத் தட்டினாள். பழக்கதோஷம்.

சர்டிபிகேட்டை அவர் பிரேம் போட்டு மாட்டினார். எந்த இடத்தில்? ஜம்புலிங்கத்தின் போட்டோவைக் கொஞ்சம் தள்ளி மாட்டிவிட்டு, அது இருந்த அதே ஆணியில். மறுநாள் காலை நீலாவதி அப்பா போட்டோவைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு, ஹேடோ குவார்ட்டர்ஸில் இருக்கும் தங்கை சரசு வீட்டுக்குப் பஸ் ஏறினாள்.

"மச்சான் குடிச்சாரா? அடிச்சாரா?" என்றாள் சரசு.

"ஒண்ணுமில்ல. பரிசு வாங்கினாரு."

சரசுவுக்குப் புரியவில்லை. சென்னையில் வேலை பார்க்கும் மகள் ஸ்வேதாவுக்கு மட்டும் போனிலேயே புரிந்தது. "அம்மா, இப்பவாவது செஞ்சியே" என்றாள்.

குழந்தைவேலு ஒரு வாரத்தில் திரும்பிவிடுவாள் என்றார். பிறகு ஒரு மாதம் என்றார். மிளகுக் காலம் வந்தது, நீலாவதி வரவில்லை. சரத்தில் மணிகள் சிவக்கத் தொடங்கின. தாத்தா காலத்திலிருந்து ரத்தத்தில் மிளகு ஓடுகிற மனிதராயிற்றே, தானே பறித்துவிடலாமென்று ஏணியைச் சாய்த்து ஏறினார். கட்ட வேண்டும் என்று தெரியாது. பாதி உயரத்தில் ஏணி மெல்லத் திரும்பி அவரை விட்டுவிட்டுப் போனது. பத்து டன் தூக்குகிறவர் பாக்கு மரத்தைக் கட்டிப்பிடித்துத் தொங்கினார். அந்த மரத்தில் செவ்வெறும்புகள் கூடு கட்டியிருந்தன. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர் வந்து இறக்குவதற்குள் எறும்புகள் அவருடைய பரம்பரை முழுவதையும் விசாரித்துவிட்டன. ஒரு வாரம் கிரேன் கேபினில் உட்கார முடியாமல் லீவு போட்டார். பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்று துறைமுகத்தில் சொன்னாராம். அந்த வருஷ மிளகைப் பறவைகள் தின்றன.

செய்தி சரசு மூலமாக வந்தது. சரசு விழுந்து விழுந்து சிரித்தாள். நீலாவதியும் சிரித்தாள், ஆனால் பறவை தின்ற மிளகை நினைத்து அவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அப்பாவின் கொடியை இப்படி விட்டுவிட முடியாது. அந்த வீடு வேண்டாம், அந்த மனிதர் வேண்டாம், கொடி வேண்டும். இது நடக்கிற காரியமா என்று கேட்கத்தான் அவள் அபர்டீன் பஜாரில் துணிக்கடைக்கு மேலே ஆபீஸ் வைத்திருந்த வக்கீல் வைஜெயந்தியிடம் போனாள்.

பிரிந்திருந்து ஒரு வருஷம் ஆகியிருந்ததால் இருவரும் சம்மதித்தே மனுப் போடலாம் என்றாள் வைஜெயந்தி. குழந்தைவேலுவையும் கூப்பிட்டாள். அவர் இஸ்திரி போட்ட சட்டையும், நிலப் பத்திரங்கள் அடங்கிய தோல் பையுமாக வந்து உட்கார்ந்தார்.

"ரொம்ப சிம்பிள்ங்க. விவாகரத்துன்னு வந்தா எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டி ரெண்டாப் பிரிக்கிறது நம்ம சட்டத்துல கிடையாது. பரம்பரையா உங்களுக்கு வந்தது உங்களோடது. கல்யாணத்துல அவங்களுக்குன்னு குடுத்தது அவங்களோட ஸ்ரீதனம். அதுல நீங்க கை வைக்க முடியாது" என்றாள் வைஜெயந்தி.

குழந்தைவேலுவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். நிலத்தில் பாதி கேட்பாளென்று பயந்துகொண்டே வந்திருந்தார்.

"டீக் ஹை மேடம். அப்படியே எழுதுங்க. எங்க பாட்டன் பூட்டன் வெச்சதுதான் என்னோடது. அவ அப்பன் வீட்லேர்ந்து வந்தது ஒரு கரண்டியா இருந்தாலும் எனக்கு வேணாம். நாங்க ப்ரீ-ஃபார்ட்டி டூ. அடுத்தவன் பொருளுக்கு ஆசப்படற ஜாதி இல்ல."

"கண்டிப்பா எழுதிடலாமா?"

"எழுதுங்க. இங்கயே கையெழுத்துப் போடறேன்."

போட்டார். மை காய்ந்த பிறகு நீலாவதி தன் பட்டியலை எடுத்தாள். நாலு வளையல், ஒரு குத்துவிளக்கு, இரண்டு குடம், மிளகுக் கொடிகள்.

குழந்தைவேலு பட்டியலை வாங்கிக் கடைசி வரியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அது... அது எப்படி? அது என் மரத்துல இருக்கு!"

"உங்க பாட்டன் வெச்சதாங்க?" என்றாள் வைஜெயந்தி.

குழந்தைவேலு வாயைத் திறந்தார். மேடையில் சொன்னதை இங்கே சொல்ல முடியவில்லை. எதிரே நீலாவதி உட்கார்ந்திருந்தாள்.

"வந்தது முப்பத்தெட்டு. இப்ப நூத்துக்கு மேல இருக்கு. மீதி எம் மண்ணு குடுத்தது."

"பசு அவங்க வீட்லேர்ந்து வந்தா, கன்னுக்குட்டி யாரோடதுங்க?"

அவர் கொஞ்ச நேரம் பசுவைப் பற்றி யோசித்தார். பிறகு வீராப்பு வந்துவிட்டது. "சோடோ மேடம், விடுங்க, எடுத்துக்கிட்டுப் போகட்டும். உருவிக்கிட்டுப் போகச் சொல்லுங்க!"

"உருவினா செத்துரும்" என்றாள் நீலாவதி. அவள் அன்றைக்கு அவரைப் பார்த்துப் பேசிய முதல் வார்த்தை அதுதான். "மரத்துலயே இருக்கட்டும். நான் வந்து பாத்துக்கறேன், பறிச்சுக்கறேன். ஏணி புடிக்க ஒரு ஆளக் கூட்டிட்டு வர்றேன்."

"ஆளா? எங்க தாத்தா மண்ணுல கண்டவன் காலு வைக்கறதா? நடக்காது!"

வைஜெயந்தி பேனாவை மூடினாள். உண்மையில் செடி நின்றால் மண்ணோடு சேர்ந்ததுதான் என்று கோர்ட்டில் வாதாடலாம். அது அவளுக்கும் தெரியும். ஆனால் சம்மதத்தில் பிரிகிறவர்கள் தங்களுக்குள் எதை வேண்டுமானாலும் ஒப்புக்கொள்ளலாம். அதனால் மிக மரியாதையாகக் கேட்டாள்:

"அப்ப சார், வெளியாள் வரக் கூடாது. ஏணிய யாராவது புடிச்சாகணும். அந்த மண்ணுல நிக்கிற உரிமை உள்ளவரு நீங்க ஒருத்தர்தான். என்ன எழுதட்டும்?"

குழந்தைவேலு தோல் பையைப் பார்த்தார். உள்ளே இருந்த பத்திரங்கள் ஒன்றும் உதவிக்கு வரவில்லை. பாட்டன் பெயரைச் சொல்லிவிட்டுப் பின்வாங்குவது எப்படி? இப்படியாக ஆறாவது ஷரத்தில் கொடி நீலாவதிக்கு ஆயிற்று. ஏழாவது ஷரத்தில், பறிக்கும் காலத்தில் முதல் மனுதாரர் குழந்தைவேலு ஏணியைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஏறியது. "முன்னறிவிப்பின்றிக் கையை விடக் கூடாது" என்பதை நீலாவதி சேர்க்கச் சொன்னாள்.

கோர்ட்டில் ஜட்ஜ் ஏழாவது ஷரத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். அவருடைய சர்வீஸில் ஏணி வந்த வழக்கு இதுதான் முதலாக இருக்க வேண்டும். ஆறு மாதம் யோசித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார்.

ஆறு மாதம் கழித்து, கடைசி நாளன்று கோர்ட் வராந்தாவில் குழந்தைவேலு மெல்லப் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீலா, அந்த சர்டிபிகேட்டுல பேர மாத்தலாம்னு பாத்தேன். மாத்த முடியாதாம்."

"கேட்டீங்களா?"

"கேக்கல. கேட்டா அப்படித்தான் சொல்வாங்க."

"போர்ட் பிளேருக்கே பேர மாத்திட்டாங்க. ஒரு காயிதத்துல முடியாதாமா?"

பத்து நிமிஷத்தில் உள்ளே கூப்பிட்டார்கள். இருவரும் சம்மதம் என்றார்கள். முடிந்தது. வெளியே வந்தபோது, இவ்வளவுதானா என்று நீலாவதிக்கு இருந்தது. கொடியைக் கேட்டு வாங்கியாயிற்று, ஆனால் மனது நிறையவில்லை. கண்காட்சியில் கை தட்டின அத்தனை பேருக்கும் அது இன்னும் குழந்தைவேலுவின் மிளகுதான். கோர்ட்டுக் காகிதத்தை அவர்களெல்லாம் படிக்கப் போவதில்லை. படித்துக் கையெழுத்துப் போட்ட அந்த ஒரு மனிதரும் வாயைத் திறந்து சொல்லப் போவதில்லை.

ஜனவரியில் மிளகு சிவந்தது. நீலாவதி காலை பஸ்ஸில் சிப்பிகாட்டுக்கு வந்து இறங்கினாள். குழந்தைவேலு லீவு போட்டுவிட்டு, ஏணியோடு வாசலில் தயாராக நின்றார். முகம் மட்டும் தேர்தலில் தோற்றவர் முகம்.

முதல் நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இரண்டாம் நாள் அவர் தலையில் எறும்பு விழுந்தது. "கையை விட்டுக்கலாமா?" என்று கேட்டார். "முன்னறிவிப்பு குடுத்துட்டீங்க, விட்டுக்கோங்க" என்றாள். தட்டிவிட்டுப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் நாள், "இவ்ளோ ஒசரத்துலயா நீ தனியா ஏறுவ?" என்றார். அவள் அடுத்த சரத்தைக் கிள்ளினாள். கொஞ்ச நேரம் கழித்து, "கை முறிஞ்சது எந்த மரத்துல?" என்றார். "அந்தக் கெணத்தோரத்து மரம்" என்றாள். அந்த மரத்துக்கு வந்தபோது ஏணியை அவர் இரண்டு கையாலும் பிடித்து, முழங்காலையும் முட்டுக் கொடுத்துக்கொண்டார். அவள் மேலிருந்து பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நாலாம் நாள் நீலாவதி உச்சியில் இருந்தபோது கேட்டுக்கு வெளியே ஒரு ஜீப் வந்து நின்றது. புதிதாக மாற்றலாகி வந்த பெங்காலி ஆபீசர், கையில் பேடும் ஃபாரமும். அந்த வருஷக் கண்காட்சிக்குத் தோட்டம் பார்க்க வந்திருக்கிறார். கேட்டிலிருந்தே நல்ல ஹிந்தியில் சத்தமாகக் கேட்டார்:

"யே பகீச்சா கிஸ்கா ஹை?"

இது யார் தோட்டம்! நீலாவதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போயிற்று, அரை நாள். இதோ முப்பாட்டனார் கப்பலிலிருந்து இறங்கப் போகிறார். ஜப்பான்காரன் வரப் போகிறான். அதற்குள் இந்த மரத்தையாவது முடித்துவிடலாமென்று சரங்களை வெடுக் வெடுக்கென்று கிள்ளினாள்.

கீழே குழந்தைவேலு தொண்டையைச் செருமினார். கிரேன் கேபினிலிருந்து கத்திப் பழகிய குரல் அது.

"பேட் மேரா. காலி மிர்ச் உன்கா."

மரம் என்னுடையது, மிளகு அவர்களுடையது. ஒரு கையை எடுத்து மேலே காட்டப் போனவர், ஷரத்து ஞாபகம் வந்தோ என்னவோ, கையை எடுக்காமல் மோவாயால் மேலே காட்டினார்.

ஆபீசர் அண்ணாந்து பார்த்தார். "ஔர் ஆப்?"

நீங்கள் யார் என்ற கேள்வி. புருஷன் என்று சொல்ல முடியாது, கோர்ட் முடித்துவிட்டது. தோட்டக்காரர் என்று சொல்லலாம், ப்ரீ-ஃபார்ட்டி டூ என்று ஆரம்பிக்கலாம்.

"சீடி பகட்னே வாலா" என்றார். ஏணி பிடிக்கிறவன்.

ஆபீசர் தலையாட்டிவிட்டு ஃபாரத்தைப் பிரித்தார். பெயர்? நீலாவதி. அடுத்த கட்டம், புருஷன் பெயர்?

"பதி நஹீ" என்றார் குழந்தைவேலு. புருஷன் இல்லையாம், அப்பா பெயரை எழுத வேண்டுமாம். "பாப் கா நாம் லிக்கோ சாப். ஜம்புலிங்கம். கச்சால்லேர்ந்து இந்தக் கொடியக் கப்பல்ல கொண்டாந்தவரு அவருதான். டெக்குல வேட்டியப் போத்தி..." அவருடைய ஹிந்தி ஜம்புலிங்கத்தோடு தீர்ந்துவிட்டது. மீதியைத் தமிழில் சொன்னார். அந்த ஆபீசருக்கு ஒரு எழுத்தும் புரிந்திருக்காது. ஜம்புலிங்கம் என்பதை மட்டும் இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டார்.

உச்சியில் நீலாவதியின் கை நின்றுவிட்டது. அப்பா கொடிக்கு வேட்டியைப் போர்த்திக் கொண்டுவந்ததெல்லாம் இவருக்கு ஞாபகம் இருக்கிறதா? இருபத்து நாலு வருஷமாக இருந்ததா? இருந்துமா சொல்லவில்லை? கோபமும் சந்தோஷமும் ஒன்றாக வந்து அவள் அழுதாள். மடியில் கட்டியிருந்த மிளகின் மேலேயே அழுதாள்.

"என்னாச்சு நீலா? எறும்பா?"

"ஒண்ணுமில்ல. ஏணிய ஆட்டாதீங்க."

"நான் எங்க ஆட்டறேன்? கெட்டியாத்தான் புடிச்சிருக்கேன்."

அது உண்மைதான். ஏணி ஆடவே இல்லை. அவள்தான் குலுங்கிக்கொண்டிருந்தாள்.